தங்கம் எடுத்த மண்ணில் வீடு தேடுகிறவர்களுக்கு

பெங்களூருவில் பிழைக்க வந்த தமிழ்க் குடும்பங்களுக்குக் கோலார் தங்கவயல் அந்நிய ஊரன்று. நம்முடைய சபைகளில் பத்துக் குடும்பங்களை எடுத்துக்கொண்டால், அவற்றில் ஒன்றாவது அந்த மண்ணோடு உறவுடையதாக இருக்கும். ஒருவருடைய பாட்டனார் சாம்பியன் ரீப் சுரங்கத்தில் வேலை செய்தவர். இன்னொருவருடைய தாயார் மாரிகுப்பத்தில் பிறந்தவர். அங்கிருந்து விடியுமுன் புறப்படும் ரயிலில் ஏறி, பகலெல்லாம் பெங்களூருவில் உழைத்து, இரவு வீடு திரும்புகிறவர்கள் இன்றும் ஆயிரக்கணக்கில் உண்டு. பெருநகரத்தில் ஒரு சிறு வீட்டின் விலை எட்டாத உயரத்திற்குப் போய்விட்ட இந்நாட்களில், "தங்கவயலில் ஒரு வீடு வாங்கிக்கொண்டால் என்ன, ஐயா?" என்று கேட்கிறவர்கள் பெருகி வருகிறார்கள். அவர்களுக்காகவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

பங்காருபேட்டைச் சந்திப்பில் பிரிந்து மாரிகுப்பம் வரை செல்லும் இருப்புப்பாதை 1894-ஆம் ஆண்டில் சுரங்கங்களுக்காகவே போடப்பட்டது. கோரமண்டல், உரிகம், சாம்பியன் என்று நிலையங்களின் பெயர்களே சுரங்கங்களின் பெயர்களாக வருகின்றன. ஜன்னல் வழியாகப் பார்ப்பவர்களுக்கு முதலில் தென்படுவது சாம்பல் நிறமான, உச்சி தட்டையான மேடுகள். புதிதாய் வருகிறவர்கள் அவற்றை மலைகள் என்றே எண்ணிக்கொள்வார்கள். உள்ளூரார் "சயனைடு மலை" என்பார்கள். ஏறக்குறைய நூறு ஆண்டுகளாகப் பாறையைப் பொடியாக்கி, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்தெடுத்த பின்பு எஞ்சிய மண்தான் அப்படிக் குவிந்து நிற்கிறது. அதன் அளவு மூன்று கோடி டன்னுக்கு மேற்பட்டது.

இந்த மண்ணில் தங்கம் உண்டென்று 1802-இல் ஆங்கிலேய அதிகாரி ஜான் வாரன் எழுதி வைத்தார். அவருக்கு வெகு காலத்திற்கு முன்பே இவ்விடத்து மக்கள் குழி தோண்டித் தங்கம் எடுத்திருந்தார்கள். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்த பிறகு இது உலகம் அறிந்த சுரங்கமாயிற்று. சிவசமுத்திரத்திலிருந்து 1902-இல் மின்சாரம் வந்தது. வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து பஞ்சத்தாலும் சாதிக் கொடுமையாலும் துரத்தப்பட்ட எளிய மக்கள் கூட்டங்கூட்டமாய் இங்கே வந்து, பூமிக்குள் இறங்கினார்கள். சாம்பியன் ரீப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேலான ஆழத்திற்குச் சென்றது. 1956-இல் மைசூர் அரசும், 1962-இல் மத்திய அரசும் சுரங்கங்களை ஏற்றன. 1972-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் அமைந்தது. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி இறுதியில் சுரங்கங்கள் மூடப்பட்டன. ஏறக்குறைய எண்ணூறு டன் தங்கம் வெளியே சென்றுவிட்டது. அதை எடுத்தவர்களின் பிள்ளைகளுக்கு எஞ்சியவை தகரக் கூரையிட்ட லைன் வீடுகளும், காலை ரயிலும்.

வீடு வாங்க எண்ணுகிறவர் இந்தச் சரித்திரத்தை அறிந்திருப்பது அவசியம். ஏனெனில் இவ்வூரில் நிலம் என்பது கண்ணுக்குத் தெரியும் மேற்பரப்பு மட்டுமன்று. சுமார் எட்டுக் கிலோமீட்டர் நீளத்திற்குத் தங்கப்பாறை வடக்குத் தெற்காக ஓடுகிறது. அது மேற்கு நோக்கிச் சரிந்து ஆழத்திற்கு இறங்குகிறது. அதைத் தொடர்ந்து தோண்டப்பட்ட சுரங்கப் பாதைகளின் மொத்த நீளம் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். ஆகையால் சுரங்க வாயிலிலிருந்து வெகு தூரத்தில் நிற்கிறோம் என்று நினைக்கிற ஒருவருடைய காலின்கீழும் பழைய குடைவு இருக்கக்கூடும்.

இதனால் வரும் தீங்கு இருவகைப்பட்டது. மேற்பரப்புக்கு அருகே உள்ள பழைய குழிகளும், சரியாக மூடப்படாத சிறு தண்டுக் குழிகளும் மழைக்காலத்தில் திடீரென்று உள்வாங்கலாம். இது ஒரு வகை. ஆழத்தில் உள்ள வெற்றிடங்கள் மேலிருக்கும் பாறையின் பாரத்தைத் தாங்கமாட்டாமல் வெடிப்பது இன்னொரு வகை. இதைப் பாறை வெடிப்பு என்பார்கள். சுரங்கம் ஓடிய நாட்களில் இதனால் தொழிலாளிகள் உயிரிழந்ததோடு, மேலே வீடுகளின் சுவர்களும் பிளந்ததுண்டு. இந்த ஆபத்தை ஆராய்வதற்கென்றே தேசியப் பாறை இயந்திரவியல் நிறுவனம் 1988-இல் தங்கவயலில் தொடங்கப்பட்டது. சுரங்கம் மூடி, நீர் இறைக்கும் இயந்திரங்கள் நின்ற பிறகு குடைவுகளில் தண்ணீர் நிரம்பியது. அதன்பின்பும் நிலம் அதிர்வது முற்றிலும் நின்றுவிடவில்லை.

கடந்த கோடையில் நமது சபைக் குடும்பம் ஒன்று அங்கே வீடு பார்க்கப் புறப்பட்டபோது என்னையும் அழைத்தார்கள். சகோதரர் ஓர் ஆலையில் இருபத்தெட்டு ஆண்டுகள் வேலை செய்து ஓய்வு பெற்றவர். கையில் இருந்தது வருங்கால வைப்பு நிதியாக வந்த பணம் மட்டுமே. மகளின் திருமணம் இன்னும் முடியவில்லை. அந்தப் பணம் தவறான இடத்தில் போய் விழுந்தால், மறுபடியும் சம்பாதிக்க அவருக்கு வயதில்லை.

முதலில் காட்டப்பட்டது ஒரு லைன் வீடு. சுத்தமாக வெள்ளையடித்து, முன்னால் துளசியும் செம்பருத்தியும் வைத்திருந்தார்கள். விலையும் குறைவு. பத்திரம் எங்கே என்று கேட்டபோது, முத்திரைத்தாளில் எழுதி இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்ட ஒப்பந்தம் ஒன்றைத் தரகர் நீட்டினார். பழைய கம்பெனி ஒதுக்கீட்டுச் சீட்டின் நகலும், மின் கட்டண ரசீதும் அதனோடு இணைக்கப்பட்டிருந்தன. "இங்கே எல்லோரும் இப்படித்தான் ஐயா வாங்குகிறார்கள். சாயங்காலத்திற்குள் முன்பணம் கொடுத்துவிட்டால் வேறு ஒருவருக்குப் போகாது" என்றார்.

லைன் வீடுகள் கம்பெனி நிலத்தில் கம்பெனி கட்டியவை. அவற்றில் மூன்று தலைமுறைகளாக வாழ்கிறவர்கள், அவை தங்களுக்கே சொந்தமாக வேண்டும் என்று நெடுங்காலம் போராடி வந்திருக்கிறார்கள். வியர்வையும் இரத்தமும் சிந்தியவர்கள் கேட்பதில் நியாயம் உண்டு. ஆனாலும் ஒரு வீட்டில் குடியிருக்கும் உரிமை வேறு, அதை விற்கும் உரிமை வேறு. தன்னிடத்தில் இல்லாததை ஒருவன் பிறனுக்குக் கொடுக்க முடியாது. பதிவு செய்யப்பட்ட கிரயப் பத்திரம் இல்லாமல், வெறும் ஒப்பந்தத்தாலும் பொது அதிகாரப் பத்திரத்தாலும் சொத்துரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-ஆம் ஆண்டில் தெளிவாய்த் தீர்த்திருக்கிறது. விற்கிறவர் பெயரில் பதிவு பெற்ற உரிமைப் பத்திரம் இருக்கிறதா என்பதே முதற்கேள்வி. இல்லையென்றால் இரண்டாம் கேள்விக்கே அவசியமில்லை.

இரண்டாவது, புதிதாய்ப் போடப்பட்ட மனைப்பிரிவு. பெங்களூரு-சென்னை விரைவுச்சாலையில் ஒசகோட்டே முதல் பேத்தமங்கலா வரையிலான பகுதி 2024 இறுதியில் திறந்தபின், இந்தப் பக்கங்களில் மனைகளின் விளம்பரப் பலகைகள் பெருகிவிட்டன. நாங்கள் நின்ற இடத்திலிருந்து சயனைடு மேடு கூப்பிடு தூரத்தில் இருந்தது. மாலைக் காற்று எழும்பியபோது மேட்டின் முகட்டிலிருந்து மெல்லிய சாம்பல் திரை ஒன்று பறந்து வந்தது. சகோதரி முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, "இங்கே துணி எங்கே காயப்போடுவது?" என்று கேட்டார். தரகர் காட்டிய வரைபடத்தைவிட அந்தக் கேள்வி அதிகம் விளக்கிற்று.

சயனைடு வெயிலிலும் காற்றிலும் நாளடைவில் சிதைந்துபோகும் தன்மையுடையது. பாறையோடு வந்த கன உலோகங்கள் அப்படிச் சிதைவதில்லை. ஆகையால் இப்படிப்பட்ட மேடுகளின் அருகே ஆழ்துளைக் கிணற்று நீரை ஆய்வகத்தில் சோதிக்காமல் மனை வாங்குவது விவேகமன்று. இன்னொன்றும் உண்டு. அந்த மேடுகளில் மிச்சமிருக்கும் தங்கத்தைப் பிரித்தெடுக்கும் மத்திய அரசின் திட்டத்திற்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூன் மாதத்தில் இசைவு தெரிவித்தது. பதின்மூன்று மேடுகள், ஆயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்பு இதில் அடங்கும். பழைய சுரங்கம் மூடிவிட்டது என்று சொல்லி விற்கிறவர்கள், புதிய தோண்டுதல் வரலாம் என்பதைச் சொல்லமாட்டார்கள். லாரிகளும் தூசியும் எந்த வழியாய்ப் போகும் என்பதை வாங்குகிறவர்தான் விசாரிக்க வேண்டும்.

மூன்றாவது, ராபர்ட்சன்பேட்டையில் ஒரு பழைய ஓட்டு வீடு. நேர்கோட்டுத் தெருக்களோடு திட்டமிட்டு அமைக்கப்பட்ட கடைவீதி நகரம் அது. இந்த வீட்டிற்குப் பதிவுப் பத்திரம் இருந்தது; கத்தா இருந்தது; வில்லங்கச் சான்றிதழும் கொண்டுவந்து காட்டினார்கள். சகோதரருடைய முகம் மலர்ந்தது. ஆனால் பின்கட்டுச் சுவரில் மேலிருந்து கீழாகச் சாய்வாய் ஓடிய ஒரு விரிசலைச் சுண்ணாம்பால் பூசி மறைத்திருந்தார்கள். உள் அறைக் கதவு நிலையில் பொருந்தாமல் தரையைத் தேய்த்தது.

எதிர் வீட்டுத் திண்ணையில் எண்பது வயதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் அமர்ந்திருந்தார். நந்திதுர்க்கம் சுரங்கத்தில் முப்பது ஆண்டுகள் வேலை செய்தவராம். சகோதரர் அவரிடம், "தாத்தா, இந்த வீடு எப்படி?" என்று கேட்டார். பெரியவர் சற்று நேரம் யோசித்து, "வீடு நல்ல வீடுதான் தம்பி. பத்திரத்தை வக்கீல் பார்ப்பார். பூமியை யார் பார்ப்பார்? ஒரு வருஷம் இந்தத் தெருவிலேயே வாடகைக்கு இருந்து பாருங்கள். கோடையில் தண்ணீர், ஆடியில் காற்று, அடைமழையில் சுவர், எல்லாம் தானே சொல்லிவிடும்" என்றார்.

அவருடைய வார்த்தை சட்டப் புத்தகத்திற்கும் ஒத்ததே. வில்லங்கச் சான்றிதழை நம்மவர்கள் பலர் எல்லா ஆபத்துக்கும் காப்பு என்று நினைத்துக்கொள்கிறார்கள். பதிவு அலுவலகத்தில் அந்தச் சொத்தின்பேரில் பதிவான விற்பனை, அடமானம், தானம், குத்தகை முதலியவற்றின் பட்டியல் அது, அவ்வளவே. பதிவாகாத ஒப்பந்தமும், பெரும்பாலும் நீதிமன்ற வழக்கும், அரசு எடுக்கவிருக்கும் நிலமும் அதில் தெரிவதில்லை. பூமிக்கடியில் யார் எவ்வளவு தோண்டினார்கள் என்பதை அது ஒருநாளும் சொல்லாது. வங்கி கடன் கொடுத்துவிட்டது என்பதும் போதிய சாட்சியன்று. வங்கியின் மதிப்பீட்டாளர் சுவரைப் பார்ப்பார், சுரங்க வரைபடத்தைப் பார்ப்பதில்லை. ஆனால் ஒரு பகுதிக்கு எந்த வங்கியும் கடன் கொடுக்க மறுத்தால், அதன் காரணத்தை அவசியம் கேட்டறிய வேண்டும்.

இங்கிலாந்து தேசத்தில் நிலக்கரிப் பகுதியில் வீடு வாங்குகிறவருக்காக வழக்கறிஞர் சுரங்கத் தேடல் அறிக்கை ஒன்றைக் கேட்டுப் பெறுவது வழக்கம். அந்த நிலத்தின்கீழ் முன்பு தோண்டினார்களா, இப்போது தோண்டுகிறார்களா, இனித் தோண்டும் எண்ணம் உண்டா, இருபது மீட்டருக்குள் தண்டுக் குழி இருக்கிறதா, நிலம் அமிழ்ந்ததற்காக முன்பு யாராவது நஷ்டஈடு கேட்டார்களா என்பவற்றிற்கெல்லாம் அதில் விடை வரும். 1994-இல் சட்டப்படி ஏற்பட்ட நிலக்கரி ஆணையம் இந்தப் பதிவேடுகளைக் காத்துவந்தது; 2024-இல் அதன் பெயர் மாற்றப்பட்டது. கார்ன்வால் பகுதியில் சுரங்கக் கழிவைக் கலந்து செய்த கான்கிரீட் கற்கள் காலப்போக்கில் உதிர்ந்துபோனதால், அங்கே பழைய வீடுகளின் சுவரைத் துளைத்தெடுத்துச் சோதிக்காமல் கடன் கொடுக்க மாட்டார்கள். நம் தேசத்தில் அப்படி ஒரே அறிக்கையில் எல்லாம் கிடைப்பதில்லை. அதே கேள்விகளை வாங்குகிறவரே நாலு வாசல்களில் கேட்டு விடைகளைச் சேர்க்க வேண்டியிருக்கிறது.

தங்கவயலைக் குறித்துச் சொல்லும் இவ்வெச்சரிப்பு மற்ற சுரங்க நாடுகளில் குடியேறியவர்களுக்கும் உரியது. ஜார்க்கண்டின் ஜரியாவில் நிலக்கரி 1916 முதல் பூமிக்கடியில் எரிந்துகொண்டிருக்கிறது. ஜரியா, மேற்கு வங்காளத்தின் ராணிகஞ்ச் ஆகிய இரு பகுதிகளிலும் நெருப்பை அடக்கவும், அமிழும் நிலத்தில் வாழ்கிறவர்களை இடம் மாற்றவும் 2009-இல் ரூ.9,773 கோடிக்கு மேற்பட்ட பெருந்திட்டம் அங்கீகரிக்கப்பட்டது. நிலக்கரி உள்ள பகுதிகளைக் கையகப்படுத்தும் 1957-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மத்திய அரசிதழில் இறுதி அறிவிப்பு வந்தவுடன் நிலம் அரசுக்குச் சொந்தமாகிவிடும். அதன்பின் பழைய உடைமையாளர் பழைய பத்திரத்தைக் காட்டி விற்றாலும், வாங்குகிறவர் கையில் வருவது காகிதம் மட்டுமே. நெய்வேலியிலும் திறந்தவெளிச் சுரங்கம் விரியும் திசையில் ஊர்கள் இடம்பெயர்ந்திருக்கின்றன. எங்கே இருந்தாலும், நேற்று என்ன நடந்தது என்பதோடு நாளை என்ன நடக்கும் என்பதையும் கேளுங்கள்.

பிரியமான வாசகர்களே, நடைமுறையில் செய்யவேண்டியவற்றை வரிசையாகச் சொல்லுகிறேன்.

முதலாவது, மூலப் பத்திரம் தொடங்கி இன்றைய உடைமையாளர் வரை உள்ள சங்கிலி அறுபடாமல் இருக்கிறதா என்று, விற்பவருக்குச் சம்பந்தமில்லாத வழக்கறிஞரைக் கொண்டு பாருங்கள். குறைந்தது முப்பது ஆண்டுகளுக்கு வில்லங்கச் சான்றிதழ் எடுங்கள். கனிம உரிமையை முன்னாள் உடைமையாளரோ அரசோ தன்னிடம் வைத்துக்கொண்டதாகப் பத்திரத்தில் எங்கேனும் எழுதியிருக்கிறதா என்றும் படிக்கச் சொல்லுங்கள். நிலத்தின் கீழுள்ள கனிமத்தின் உரிமை பொதுவாக நில உடைமையாளருக்கே உரியது என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மை. ஆனால் சட்டப்படி வேறொருவருக்குப் போயிருந்தால் அது நிலைக்காது.

இரண்டாவது, பஹாணியையும் சர்வே வரைபடத்தையும் எடுத்து, உரிமைப் பத்தியில் அரசின் பெயரோ சுரங்கக் கம்பெனியின் பெயரோ வருகிறதா என்று பாருங்கள். உரிமம் பெற்ற நில அளவையாளரைக் கொண்டு நான்கு எல்லைகளையும் அளந்து, பத்திரத்திலுள்ள சர்வே எண்ணும் காலின்கீழுள்ள மண்ணும் ஒன்றே என்று உறுதிசெய்யுங்கள். மனைப்பிரிவானால், விவசாய நிலத்தை மாற்றிய உத்தரவும் நகர வளர்ச்சிக் குழுமத்தின் அனுமதியும் இருக்கவேண்டும்.

மூன்றாவது, கைவிடப்பட்ட சுரங்கத்தின் வரைபடங்கள் சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்ககத்திற்கு ஒப்படைக்கப்பட வேண்டும் என்பது விதி. அதன் தலைமையகம் தன்பாத்தில் உள்ளது. குறிப்பிட்ட சர்வே எண்ணின்கீழ் குடைவு உண்டா, அருகே தண்டுக் குழி உண்டா, அது மூடப்பட்டதா என்று அங்கும், நிலத்தை வைத்திருக்கும் நிறுவனத்திடமும், மாவட்டச் சுரங்கத் துறையிடமும் 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின்படி கேட்கலாம். மத்திய அரசு அலுவலகத்திற்குக் கட்டணம் பத்து ரூபாய். முப்பது நாளுக்குள் பதில் தரவேண்டும். பதிலைப் பெறும்வரை முன்பணம் கொடாதிருங்கள்.

நான்காவது, கட்டடப் பொறியாளர் ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். சாய்வான விரிசல், பொருந்தாத கதவு, சாய்ந்த மதில், திடீரென்று வற்றிய கிணறு, வட்டமாய்ப் பதிந்த தரை ஆகியவை பூமி கொடுக்கும் அடையாளங்கள். பழைய வீட்டில் இவை ஈரத்தாலும் வரக்கூடும். எதனால் வந்தது என்று சொல்ல அவரால்தான் முடியும். சுவருக்கும் பூச்சுக்கும் எங்கிருந்து மணல் எடுத்தார்கள் என்றும் கேளுங்கள்.

நிலம் வாங்குவதில் இத்தனை ஜாக்கிரதை விசுவாசத்திற்கு விரோதமோ என்று சிலர் நினைக்கலாம். ஆபிரகாம் மக்பேலாவை வாங்கினபோது நானூறு சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்தார். ஊர்வாசலில் எல்லோரும் கேட்க, நிலமும், அதிலுள்ள குகையும், எல்லைகளுக்குள் நின்ற மரங்களும் தனித்தனியே குறிக்கப்பட்டு உறுதியாயின என்று ஆதியாகமம் 23-ஆம் அதிகாரம் சொல்லுகிறது. மேலே இருந்ததும் கீழே இருந்ததும் அந்தக் கிரயத்தில் எழுதப்பட்டன. இலவசமாகக் கொடுக்கிறோம் என்று அவ்வூரார் சொன்ன வார்த்தையை அவர் ஏற்றுக்கொள்ளாமல் முறையான விலை கொடுத்தார். வாக்குத்தத்தம் பெற்றிருந்த மனிதனே அப்படிச் செய்தார்.

சகோதரர் அன்று மாலை யாருக்கும் முன்பணம் கொடுக்கவில்லை. தரகருக்குக் கோபம். இரண்டு வாரங்களுக்குப் பின் அந்தக் குடும்பம் ராபர்ட்சன்பேட்டையின் அதே தெருவில் ஒரு சிறு வீட்டை வாடகைக்குப் பிடித்தது. வழக்கறிஞரும் அளவையாளரும் தங்கள் வேலையைச் செய்துகொண்டிருக்கிறார்கள். தகவல் உரிமை மனுக்கள் இரண்டு போயிருக்கின்றன. ஒன்றுக்குப் பதில் வந்திருக்கிறது. பின்கட்டுச் சுவரின் விரிசல்மேல் பொறியாளர் ஒரு சிறு கண்ணாடித் துண்டை ஒட்டி, தேதி எழுதி வைத்திருக்கிறார். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். வீட்டுக்காரரும் அதற்குச் சம்மதித்தார். அடைமழை முடியும்வரை அது முழுதாய் இருந்தால், விலையைப் பேசலாம்.